மொட்டைத் தலையும் சாக்குத் தலையும்

மண்டபம் அகதிகள் முகாம்,
ஆவணி மாதம்.

அன்பு மகன் சிவரூபனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் தங்கச்சி நிஷாந்தியைக் கொண்டோ அவள் மகள் மயூரியைக் கொண்டோ எழுதுவிக்கவில்லை. என் கையால், நானே எழுதுகிறேன். எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள், செய்தியில் கோணல் இல்லை. இங்கே நானும் நிஷாந்தியும் மயூரியும் சுகம். அந்தக் குளிர் நாட்டில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் திருக்கேதீச்சரத்தானை வேண்டுகிறேன்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்வதற்கு வைத்திருந்தால் எனக்கே நெஞ்சு வெடித்துவிடும். வென்றுவிட்டோம், தம்பி! மயூரிக்கும் சாருஜனுக்கும் கலியாணம் முடிவாகிவிட்டது. அதைவிடப் பெரிய செய்தி, தாய்மாமன் வரக்கூடாது என்று போட்டிருந்த தடையைச் சாருஜனின் தகப்பன் எடுத்துவிட்டான். நீ வரலாம். வரலாம் என்ன, நீ வந்தால்தான் கலியாணம்.

சாருஜனின் தகப்பன் யார் என்று உனக்குத் தெரியும். எங்கள் ஊர்ச் சிவமணி. நாகலிங்கத்தின் தம்பி. இந்தப் பெயர்களைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. போனில் இந்தப் பெயர் வந்தால் உடனே உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும், லைன் அறுந்துவிடும். நானும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். கடிதத்தை அப்படி அறுக்க முடியாது. மேசையில் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது அதே இடத்தில் கிடக்கும். அதற்காகவே எழுதப் படித்தேன் என்று சொன்னால் முழுப் பொய்யும் இல்லை.

எழுத்துச் சொல்லித் தருகிற பிள்ளையின் பெயர் மாரிச்செல்வி. திருவாடானைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து முகாமில் மாலை வகுப்பு எடுக்கிறாள். வகுப்பில் எல்லோரும் பெண்கள், ஆண் நான் ஒருவன்தான். முதல் நாள் நான் பென்சிலைத் துடுப்புப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறேன். “தாத்தா, இங்கன கடலா இருக்கு, இந்த வலி வலிக்கிறீய?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. போன மாதம் முகாம் அலுவலகத்தில் கைநாட்டுக்கு மை டப்பாவை எனக்கு முன்னால் நகர்த்தினார்கள். நான் அதைத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனாவைக் கேட்டேன். குணரத்தினம் என்று நான் எழுதி முடிக்கும்வரை எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுக்கக் காத்திருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு மரியாதை.

இன்றைக்குக் கை வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

மறுநாள்.

பிள்ளைகளின் கதையைச் சொல்கிறேன். மயூரி இராமநாதபுரத்தில் மருந்துக் கடையில் வேலை செய்வது உனக்குத் தெரியும். அந்தக் கடைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன் சாருஜன். ஒரே முகாமில் நான்கு வரிசை தள்ளிப் பிறந்து வளர்ந்தவர்கள், பேசிப் பழக இராமநாதபுரம் போக வேண்டியிருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டுக்கும் சிவமணி வீட்டுக்கும் நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. உன் அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. அவன் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது நாங்கள் போகவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், குடம் குடத்தோடு முட்டும், ஆள் ஆளோடு பேசுவதில்லை.

பிள்ளைகள் விஷயம் வெளியே வந்ததும் சிவமணி தன் மனைவி யோகராணியிடம் மறுமொழி சொல்லி அனுப்பினான். “பிள்ளை நல்ல பிள்ளை, எடுக்கிறம். ஆனால் தாய்மாமன் எண்டு அவன் இந்தக் கலியாணத்தில நிக்கக் கூடாது. எங்கட பொன்னுருக்குக்கு அவன்ட நிழலும் வரக் கூடாது.” இதைக் கேட்டு நிஷாந்தி அழுதாள். பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. தாலிக்குப் பொன் உருக்கும்போது பெண் வீட்டுக்குப் பெரியவனாக ஒருவன் போய் உட்கார வேண்டும். மயூரியின் தகப்பனைத்தான் மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டதே. பிறகு முறைக்காரன் யார்? நீதான். உன் மருமகள் மயூரியோ ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். மாமா இல்லாத கலியாணம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். படிக்க வைத்தவன் நீ, வாரம் தவறாமல் கூப்பிட்டுப் பேசுகிறவன் நீ. அவள் வேறு என்ன சொல்வாள்?

அன்றைக்கு எனக்கு ஒரு வீம்பு வந்தது. இரண்டு பிள்ளைகளின் வாழ்வை இன்னும் அந்தப் பழைய சண்டை பிடித்து வைத்திருப்பதா என்று இடுப்பில் துண்டைக் கட்டினேன்.

அந்தப் பழைய சண்டை என்ன என்று சாருஜனும் மயூரியும் என்னிடம் கேட்டார்கள். நேராகச் சொல்ல எனக்கே வரவில்லை. எழுதினாலாவது நேராக வருகிறதா என்று பார்க்கிறேன். இயக்கங்களின் பெயரை எழுத மாட்டேன். பழைய பழக்கம், இன்னும் விடவில்லை. ஊரில் நாங்கள் அழைத்த மாதிரியே எழுதுகிறேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தீர்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள். நாகலிங்கமும் சிவமணியும் கடற்கரையில் மீன் வாடிக் கொட்டில்களில் இருந்தார்கள், வாடி ஆட்கள்.

தொடக்கத்தில் எல்லோரும் ஒரே பக்கம். அம்மா ஒரே பானையில் சோறு வடித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டி, வாடிக்கு ஒரு சட்டி கொடுத்து அனுப்புவாள். நீயும் சிவமணியும் ஒரே சைக்கிளில் போனவர்கள். பிறகு ஒரு நாள் விடிகாலையில் பள்ளிக்கூடத்து ஆட்கள் வாடியை அடித்தார்கள். நாகலிங்கம் செத்தான். சிவமணி கடலில் குதித்துத் தப்பினான். நீ பள்ளிக்கூடத்து ஆட்களில் ஒருவன். அதன் பிறகு நீ வாடிப் பக்கமாக நடக்காமல் ஊரைச் சுற்றிப் போனாய். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த வருடம் கடல் தாண்டி இந்தக் கரையிலிருந்து பெரிய படை வந்தது. முதல் மாதம் நீங்கள் அவர்களுக்கு மாலை போட்டீர்கள். மூன்றாம் மாதம் அவர்களோடு சண்டை பிடித்தீர்கள். தோற்று ஓடின வாடி ஆட்கள் அந்தப் படையோடு லாரியில் வந்து இறங்கினார்கள். இப்போது ஒளிக்கிற முறை உங்களுடையது. அந்தப் படை திரும்பிப் போனதும் வாடி ஆட்கள் தோணி ஏறினார்கள், நீங்கள் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். அதற்குள் நேற்றுவரை சுட்ட அரசாங்கத்தோடு நீங்கள் கைகுலுக்கினீர்கள், பிறகு அந்தக் கையையும் விட்டீர்கள். கடலுக்குப் போகுமுன் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு முன்னால் இன்றைக்கு யாரோடு யார் என்று கேட்டுக்கொண்டு போன காலம். நான் ஒருமுறை நான்கு நாள் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறி, வழக்கம்போல வாடிக்காரருக்கு என்று கறி மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாடியில் நின்றவர்கள் உங்கள் ஆட்கள். இது யாருக்குக் கொண்டுவந்த மீன் என்று துவக்கை நீட்டிக் கேட்டார்கள். பசிக்கிறவனுக்கு என்று சொன்னேன். வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

நான் கோணலாகச் சொன்ன இவ்வளவையும் கேட்டுவிட்டு, முகாமில் பிறந்த சாருஜன் தன் தகப்பனிடம் போய்ச் சொன்னானாம். “ஏம்ப்பா, நீங்க எல்லார் கூடவும் சேந்தீங்க, எல்லார் கூடவும் சண்டை போட்டீங்க. நான் ஒரே ஒருத்தி கூடச் சேரக்கூடாதா?”  அதைக் கேட்டும் சிவமணி தடையை எடுக்கவில்லை.

இனி என் போரைச் சொல்கிறேன். முதல் வாரம் யோகராணி எங்கள் பக்கம். குழாயடியில் நிஷாந்தியைப் பார்த்துத் தலையசைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். இரண்டாம் வாரம் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அவள் வைக்கும் கறிக்கு உப்புக் கூட என்று நிஷாந்தி யாரிடமோ சொன்னாளாம். நிஷாந்தி சத்தியம் செய்கிறாள், சொல்லவில்லை என்று. சொல்லியிருப்பாள்.

சரி, நடுவில் ஒரு ஆளைப் போடுவோம் என்று பெரியபட்டினம் சதக்கைப் பிடித்தேன். சதக் படகு வைத்திருப்பவன். அவனுக்கு நான் கிழிந்த வலை பொத்திக் கொடுப்பேன், சிவமணி படகுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பான். இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவன். “நான் போறேன், பேசுறேன், முடிச்சுட்டு வாரேன், இன்ஷா அல்லா” என்று மார்தட்டிக்கொண்டு போனான். மத்தியானம் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தான். “பெரியவரே, கோவிக்காதீய. நியாயம் பேசத்தான் போனேன். அந்தத் தங்கச்சி நண்டு வச்சிருந்துச்சு. தின்ன வாயால எதுத்துப் பேச வரலை. யோசிச்சுப் பாத்தா அவுக சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?” என்றான். தம்பி, நீ இப்போது எந்த இயக்கம் என்று கேட்டேன். “நண்டு இயக்கம்” என்றான். இப்படி என் படைத்தளபதியும் போனான். நானே போகிறேன் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு.

நேற்று மழை. முகாமில் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தியில் எழுத மயூரி விடவில்லை. இன்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

போகுமுன் ஒன்று சொல்ல வேண்டும். நீ மொட்டையடித்த கதை. அந்தக் கதை எங்கள் குடும்பத்துக்குப் பதக்கம் மாதிரி. பெரிய படையும் வாடி ஆட்களும் ஊரைச் சுற்றி வளைத்த அன்று நீ அம்மாவைப் பார்க்க வந்து வீட்டில் அகப்பட்டுக்கொண்டாய். ஆண்கள் எல்லோரையும் கோயில் வெளியில் வரிசையாக நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அம்மா சவரக் கத்தியை எடுத்து உன் தலையையும் மீசையையும் வழித்தாள். நெற்றியில் திருநீற்றை அப்பினாள். தகப்பன் செத்து எட்டு நாள் என்று சொல்லச் சொன்னாள். செத்த தகப்பனாகிய என்னைக் கடற்கரையில் வலைக் குவியலுக்குள் போய்ப் படுக்கச் சொன்னாள். அப்படித்தான் உயிரோடிருக்கும்போதே எனக்காக மகன் மொட்டையடித்த தகப்பன் ஆனேன்.

கோயில் வெளியில் தலையாட்டி நின்றான். தலை முழுக்கச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவனைப் பிடித்து லாரியில் ஏற்றுவார்கள். ஏறினவர்களில் திரும்பி வந்தவர் குறைவு. சாக்குக்குள் இருப்பது சிவமணி என்று ஊருக்கே தெரியும். வலது காலின் இரண்டாம் விரல் பெருவிரல்மேல் ஏறிக் கிடக்கும், சாக்கு காலை மூடவில்லை. நீ அவன் முன்னால் போய் நின்றாய். உன் பின்னால் அம்மா, தகப்பனில்லாப் பிள்ளை என்று ஒப்பாரி வைத்தாள். தலை ஆடவில்லை. நீ தப்பினாய்.

மொட்டைத் தலையால் சாக்குத் தலையை ஏமாற்றிவிட்டோம் என்று முகாமுக்கு வந்த நாளிலிருந்து நான் இந்தக் கதையைக் குழாயடியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்தவர்கள் மூளைக்கு ஒரு ஓட்டை வைக்க மறந்துவிட்டார்கள் என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிவமணி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

நான் பேசப் போன அன்றைக்குச் சிவமணி பெரியபட்டினம் கரையில் சதக்கின் புதுப் படகுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். நான் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. படகில் எழுத்து ஈரமாகப் பளபளத்தது. எழுத்தைக் கண்டால் இப்போதெல்லாம் என் வாய் சும்மா இருப்பதில்லை. ப, ர, க், க, த், பரக்கத் என்று கூட்டி வாசித்தேன். “ஆரது பிள்ளை வாசிக்கிறது? நல்லா வாசிக்கிறாய்” என்று சொல்லிக்கொண்டே திரும்பினான். என்னைக் கண்டதும் தூரிகை நின்றுவிட்டது. “அண்ணை! நீங்களோ? நீங்கள் எப்ப வாசிக்கப் பழகினனீங்கள்?” என்று கேட்டும்விட்டான். பேச்சில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. கையை விட்ட தோணியும் வாயை விட்ட சொல்லும் தானாகத் திரும்பி வருமா? வராது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து நான் தொடங்கின தொடக்கத்தைக் கேள். சிவமணி, பழசையெல்லாம் மறப்பம், அண்டைக்கு உன்னை நாங்கள் மொட்டையடிச்சு ஏமாத்தினதையும் மறந்திடு என்றேன். பெருந்தன்மையாகப் பேசுகிறேன் என்று எனக்கு நினைப்பு. அவன் முகம் கறுத்துவிட்டது. “என்னை ஏமாத்தினீங்களோ?” என்று கேட்டான். பெயின்ட் டப்பாவை மூடினான். “அண்ணை, அண்டைக்கு நாங்கள் கடற்கரைப் பக்கத்தாலதான் ஊருக்குள்ள வந்தனாங்கள். வலைக் குவியலுக்குள்ள ஒரு ஆள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தது. தலைதான் உள்ள. சாரத்தோட பின்பக்கம் முழுக்க வெளியில. ஆமை மாதிரி. அந்தப் பின்பக்கம் ஆரின்ர எண்டு எனக்குத் தெரியாதோ? சின்னனில இருந்து உங்களுக்குப் பின்னால தோணி தள்ளினவன் நான்” என்றான்.

உட்கார்ந்தபடியே என் சாரத்தைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன், தம்பி.

அவன் மேலே சொன்னதை அவன் வாயால் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். “நான் அந்தச் சாக்கைப் போட்டது உங்கட மகன் ஒருத்தனுக்காகத்தான். அவனுக்கு ஆட்டத்தான் வந்தனான். அண்ணனைப் பறிகுடுத்தவன் வேற என்னத்துக்கு வருவான்? அவன் முன்னுக்கு வந்து நிண்டான். பாத்தா மொட்டை. ரெண்டு காதும் கதவு மாதிரித் திறந்து நிக்குது. நெத்தியில ஒரு சிரட்டைத் திருநீறு. பின்னால உங்கட மனுசி, செத்துப்போன உங்களைப் பாடி அழுகுது. செத்த ஆளின்ர பின்பக்கத்தை நான் கொஞ்சம் முந்தித்தான் பாத்திட்டு வந்தனான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, அண்ணை. சாக்குக்குள்ள சிரிப்பு வந்தா என்ன செய்யிறது? தலை ஒரு இம்மி ஆடினால் அவன் முடிஞ்சான். பல்லைக் கடிச்சுக்கொண்டு கழுத்தைக் கட்டையாக்கிக்கொண்டு நிண்டன். ஆமிக்காரன் ரெண்டு தரம் பாத்தான். போ எண்டு விட்டான். சிரிப்பு அடங்கினபிறகு ஆட்டியிருக்கலாம், அவன் பத்தடிதான் போயிருந்தான். ஆட்ட மனம் வரேல்லை. சிரிச்சுப்போட்டு ஒரு ஆளைக் கொல்ல ஏலாது.”

பிறகு அவன் குரல் மாறிவிட்டது. “அண்ணனுக்குச் செய்ய வந்ததைச் செய்யாமல் விட்டிட்டன் எண்டு நான் எவ்வளவு அழுதிருப்பன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? உங்கட வீட்டில இருந்து ஒரு சொல்லு வரும் எண்டு பாத்தனான். வரேல்லை. வந்தது என்ன? மூளைக்கு ஓட்டையில்லாத சிவமணி. அதையும் என்ர பிள்ளையளுக்கு முன்னால, ஒவ்வொரு நாளும், குழாயடியில.”

நான் எழுந்து அவன் கையைப் பிடித்தேன். பச்சைப் பெயின்ட் என் கையிலும் ஒட்டியது. என்ன செய்ய வேண்டும் சொல்லு என்றேன். “குழாயடியில சொன்னதைக் குழாயடியிலயே மாத்திச் சொல்லுங்கோ” என்றான். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அடுத்த நாள் காலை தண்ணீர் வந்ததும் நான் துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றேன். எல்லா வரிசைப் பெண்களும் ஆண்களும் குடத்தோடு நின்றார்கள். ஒரு கதை சொல்லப் போகிறேன் என்றேன். “தெரியும், தெரியும், மொட்டைக் கதைதானே” என்று கத்தினார்கள். அதேதான், ஆனால் இவ்வளவு காலமும் தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன், இன்றைக்குத்தான் நிமிர்த்திச் சொல்லப் போகிறேன் என்றேன். என் பின்பக்கம் வெளியே தெரிந்ததிலிருந்து தொடங்கினேன். சிரித்த சிரிப்பில் குடங்கள் நிரம்பி வழிந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. என் மகனுக்கு உயிர் தந்தது எங்கள் தந்திரம் இல்லை, சிவமணியின் கழுத்து என்று சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றது. யோகராணி குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருசனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அவன் சொன்னதில்லை! சாக்குப் போட்டவன் என்ற பெயரை வெட்கத்தோடு சுமந்தவன், சாக்குக்குள் செய்த நல்லதையும் யாருக்கும் சொல்லாமலே இருந்திருக்கிறான்.

அன்று சிவமணி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தான். யோகராணி நண்டுக் கறி அனுப்பினாள். உப்பு அளவாக இருந்தது என்று நிஷாந்தி நான்கு வரிசைக்கும் கேட்கச் சொன்னாள். சதக் ஓடி வந்து, “நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் நல்லா முடியும்னு” என்று மறுபடி எங்கள் பக்கம் சேர்ந்துகொண்டான். என்ன இயக்கமோ! எனக்கு அன்றைக்கு ஊரையே பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. கோயில் பக்கம் நடந்து போகும்போது பிள்ளைகள் எனக்குப் பின்னால் ஆமைத் தாத்தா என்று கத்தினார்கள். கத்தட்டும். வென்றவனுக்கு எந்தப் பெயரும் பொருந்தும்.

செவ்வாய்.

மிச்சத்தை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.

தேத்தண்ணி குடித்த அன்று, தாய்மாமனை நான் கூப்பிடலாமா என்று சிவமணியிடம் கேட்டேன். “கூப்பிடுங்கோ. அவன் வராமல் பொன்னுருக்கு இல்லை” என்றான். நான் அவனுக்கு நன்றி சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினான். “மொட்டைக் கதை எனக்கும் உங்களுக்கும். அது முடிஞ்சுது. அண்ணன்ட கதை எனக்கும் அவனுக்கும். அதை உங்களோட நான் கதைக்க மாட்டன். அவன் வரட்டும்” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. கலியாணத்துக்கு முன்னால் ஒன்றும் கேட்க மாட்டேன், பிள்ளைகளுக்கு முன்னால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று யோகராணியின் தலைமேல் கை வைக்காத குறையாகச் சொன்னான். நீ விரும்பினால் ஒருநாள் இரண்டு பேரும் கடற்கரையில் நடந்து போகலாம் என்றான். விரும்பாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போ என்றான்.

முகாமுக்குள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருவது தொல்லை. அதனால் பொன்னுருக்கை இராமநாதபுரத்தில் சாருஜன் வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டில் வைத்திருக்கிறோம். ஐப்பசி முதல் புதன்கிழமை காலை. பொன் உருக்கத் தட்டார் பரமக்குடியிலிருந்து வருகிறார். அந்த வீட்டுக்கு முகாமிலிருந்து சிவமணி ஒரு பொருளை மட்டும் தன் கையால் கொண்டுபோய் மாட்டியிருக்கிறான். நாகலிங்கத்தின் படம். பொன்னுருக்குகிற அறையில், விளக்கு வைக்கிற சுவரில். ஒரு நாளைக்குக் கழற்றி வைக்கலாமா என்று நிஷாந்தி கேட்டாள். அவன் மாட்டேன் என்றான். “பெரியப்பன் இல்லாமல் என்ர மகனுக்கு என்ன சடங்கு?” என்றான். நியாயம்தானே?

நான் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். அப்போதைய உங்கள் வயதுதான். அம்மாவின் சோற்றைத் தின்ற பிள்ளை.

பெண் வீட்டுப் பெரியவனுக்குப் பாய் போடுகிற இடம் அந்தப் படத்துக்கு நேர் கீழே. இடம் மாற்றலாமா என்று நான் கேட்கவில்லை. உன்னால் அங்கே உட்கார முடியுமா என்று இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். நீ சொல்ல விரும்புவது ஏதாவது இருந்தால், அதைக் கேட்க வேண்டியவன் உயிரோடு இருக்கிறான், கோபம் ஆறி இருக்கிறான், கதவைத் திறந்து வைத்திருக்கிறான். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற மனிதர் எத்தனை பேர் எங்கள் ஊரில்?

வா, ராசா. மதுரைக்கு வந்து இறங்கு. சாருஜன் கார் கொண்டுவருவான். மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. பட்டு வேட்டி நான் எடுத்து வைத்திருக்கிறேன், உன் உயரம் எனக்கு மறக்கவில்லை. உள்ளே போகும்போது உனக்குக் கால் தயங்கினால் பரவாயில்லை, தயங்கட்டும். அந்தப் பாயை இரண்டு பேருக்கு அகலமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். படத்தின் கீழே உன் பக்கத்தில் நான் இருப்பேன், பொன் உருகி முடியும்வரை எழும்ப மாட்டேன்.

கடலும் காற்றும் உனக்கு வழிவிடட்டும். உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா,
குணரத்தினம்.